ஒட்டி நிற்கும் தட்டுகளும் நீர் குடித்த பாறைகளும்

பூமியை இரண்டாக வெட்டிக் காட்டும் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வெளியே மெல்லிய பழுப்பு ஓடு; உள்ளே தணலாகச் சிவந்த பெரும் பரப்பு; நடுவில் மஞ்சளாய் ஓர் உருண்டை. ஓவியர் சூட்டைக் காட்டத்தான் அந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தார். பார்க்கும் கண்ணோ அதைத் தீக்கடலாகவே எடுத்துக்கொள்கிறது. நாம் நிற்கும் தரை அந்தத் தீக்கடலின் மேல் படிந்த ஏடு, ஏடு கிழிந்த இடத்தில் எரிமலை, ஏடு ஆடினால் நிலநடுக்கம் என்று மனம் கதை கட்டிவிடுகிறது. எளிமையான கதை. அதன் இரண்டு பாதிகளுமே பிழை.

காலுக்குக் கீழே ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழம் வரை இருப்பது திடப்பாறை. யாரும் தோண்டிப் பார்த்து இதைச் சொல்லவில்லை, நிலநடுக்கங்களே சொல்லிக்கொடுத்தன. நிலம் அதிரும்போது இருவகை அலைகள் பூமிக்குள் பாய்கின்றன. ஒன்று, ஒலியைப் போலப் பாறையை அழுத்தியும் விரித்தும் செல்வது. மற்றொன்று, உதறிய கயிற்றில் ஓடும் வளைவைப் போலப் பாறையைக் குறுக்காக ஆட்டிக்கொண்டு செல்வது. இந்த இரண்டாவது அலைக்குத் திரவத்துக்குள் வழி கிடையாது. 1897-இல் அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்ட் ஓல்டம். பூமிக்கு நடுவில் தனியாக ஒரு கரு இருக்கிறது என்பதை 1906-இல் அவரே முன்வைத்தார். குறுக்கலைகள் அந்தக் கருவின் வெளிப்பகுதியைக் கடப்பதில்லை, ஆகவே அது திரவம். அதற்கு மேலே இருக்கும் கவசம் என்ற பாறை அடுக்கு முழுவதையும் அவை தடையின்றிக் கடந்து வருகின்றன. கவசம் திரவக் கடலாக இருந்தால் அது நடக்காது.

அப்படியானால் எரிமலை கக்கும் பாறைக்குழம்பு எங்கிருந்து வருகிறது? கருவிலிருந்து நிச்சயமாக இல்லை. அது உருகிய இரும்பு; எரிமலைகள் வெளித்தள்ளுவதோ சிலிக்கா நிறைந்த பாறை. விடை கவசத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கிறது. அந்தப் பாறையை அதே சூட்டோடு தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து வைக்க முடிந்தால், அது உருகத் தொடங்கிவிடும். ஆழத்தில் அதை உருகவிடாமல் வைத்திருப்பது மேலே கிடக்கும் பாறைகளின் பாரம். அங்கே அழுத்தம் நம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 30,000 மடங்கு. உருகுவதற்கான விளிம்பில் நின்றுகொண்டு உருகாமல் இருக்கிறது பாறை. அந்த விளிம்பைத் தாண்டச் செய்ய இரண்டு வழிகள்: பாரத்தைக் குறைக்கலாம், அல்லது தண்ணீரைச் சேர்க்கலாம். புவித்தட்டுகளின் எல்லைகளில் எழும் எரிமலைகள் அனைத்தும் அடிப்படையில் இவ்விரண்டில் ஒன்றால் பிறந்தவை. புதிதாக நெருப்பு மூட்ட வேண்டிய தேவை எங்குமே இல்லை.

தட்டுகளின் கதை ஓரளவு எல்லோரும் அறிந்ததுதான், சுருக்கமாகவே சொல்லலாம். கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃபிரெட் வெகனர் 1912-இல் சொன்னபோது, எது அவற்றை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. அதற்காகவே புவியியலாளர்களில் பெரும்பாலோர் அவரை ஒதுக்கினர். 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது அவருடைய கருத்து நிழலில்தான் கிடந்தது. திருப்பம் கடலடியிலிருந்து வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க வரைபடவியலாளர் மேரி தார்ப், கப்பல்கள் அளந்து கொடுத்த ஆழக் கணக்குகளைக் கோடுகளாக்கிக்கொண்டிருந்தார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் கடலடி மலைத்தொடரின் உச்சியில் நீளவாட்டில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதைக் கவனித்தார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் அதைப் பெண்பேச்சு என்று தள்ளிவிட்டார். பிறகு நிலநடுக்க மையங்களைக் குறித்த தாளை அதே அளவில் வரைந்து மேலே வைத்துப் பார்த்தபோது, புள்ளிகள் வரிசையாக அந்தப் பள்ளத்தாக்குக்குள் விழுந்தன. ஹீசனுக்கு வேறு வழியிருக்கவில்லை. 1960-களில் அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்பதற்காக உலகெங்கும் நிறுவிய அதிர்வுமானிகள், நிலநடுக்கங்களின் இருப்பிடத்தை முன்னெப்போதும் இல்லாத துல்லியத்தோடு பதிந்தன. அந்தப் புள்ளிகள் தாமாகவே உலகப்படத்தில் கோடுகளை இழுத்தன. கோடுகளுக்கு இடையே எஞ்சியவைதான் தட்டுகள்.

ஒவ்வொரு தட்டும் மேலோட்டையும், அதன் அடியில் கவசத்தின் குளிர்ந்து விறைத்த மேற்பகுதியையும் சேர்த்து ஏறக்குறைய 100 கி.மீ. தடிமன் கொண்டது. கீழே இருக்கும் சூடான கவசம் திடமாக இருந்தும் நகர்கிறது. பனியாறு இதற்கு நல்ல சான்று: கையால் தட்டினால் கல், நூறாண்டு பொறுத்துப் பார்த்தால் ஆறு. தட்டுகளின் வேகம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை. நகம் வளரும் வேகத்தைச் சுற்றியே இருக்கிறது. அடியில் கொதிக்கும் கவசம் அவற்றை முதுகில் சுமந்து செல்கிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. உண்மையில் பெரும்பங்கு இழுவிசை தட்டுகளிடமிருந்தே வருகிறது. வயதாகிக் குளிர்ந்த கடல்தட்டு கனமாகி ஒரு விளிம்பில் கவசத்துக்குள் அமிழ்கிறது. அமிழும் பகுதி எஞ்சியதைப் பின்னால் இழுக்கிறது. அமிழும் விளிம்பு நீளமாக உள்ள பசிபிக் தட்டு விரைந்து நகர்வதும், அப்படி விளிம்பே இல்லாத தட்டுகள் மெதுவாக ஊர்வதும் தற்செயல் அல்ல.

பாரம் குறையும் இடம்

இரண்டு தட்டுகள் விலகும் இடத்திலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அங்கே நடப்பது எளிது. தட்டுகள் பிரிய, இடைவெளியை நிரப்ப அடியிலிருந்து கவசப்பாறை மேலே எழுகிறது. எழும்போது அதன் மேல் இருந்த பாரம் குறைந்துகொண்டே வருகிறது. சூடோ அவ்வளவாகக் குறைவதில்லை, பாறை வெப்பத்தை அத்தனை சுணக்கமாகக் கடத்தும். ஓர் ஆழத்தில் உருகும் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. முழுதாக உருகுவதில்லை, பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோதான். கனம் குறைந்த அந்தக் குழம்பு கசிந்து சேர்ந்து மேலேறி, இறுகி, புதிய கடல்தரையாகிறது. உலகம் முழுவதும் சுமார் 65,000 கி.மீ. நீளத்துக்கு ஓடும் கடலடி மலைத்தொடரில் இது இடைவிடாமல் நடக்கிறது. பூமியில் வெளிவரும் பாறைக்குழம்பில் பெரும்பகுதி இங்கேதான் வருகிறது. செய்திகளில் இடம்பெறும் எரிமலைகள் சிறுபான்மை. பெரும்பான்மை, யாரும் பார்க்காத இருட்டில், இரண்டு மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் சந்தடியில்லாமல் வேலை செய்கிறது.

இங்கே நிலநடுக்கங்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சிறியவை. காரணம் எளிது. புதிதாகப் பிறந்த தட்டு மெல்லியது, சூடானது. சூடான பாறை வளைந்து கொடுக்கும். வெடுக்கென்று உடைய வேண்டுமானால் குளிர்ந்து விறைத்திருக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல புதிர்களுக்கு அதுவே சாவி.

இந்தக் கடலடி மலைத்தொடர் தண்ணீருக்கு மேல் தலைநீட்டும் பெரிய இடம் ஐஸ்லாந்து. அங்கே ரெய்க்யானெஸ் தீபகற்பம் ஏறத்தாழ 800 ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு, 2021 முதல் மீண்டும் மீண்டும் பிளந்து குழம்பை உமிழ்கிறது. கண்டமே பிளப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதிக்குப் போக வேண்டும். 2005 செப்டம்பரில் அங்கே 60 கி.மீ. நீளத்துக்கு நிலத்தடியில் பாறைக்குழம்பு சுவர்போல ஊடுருவி, சில வாரங்களுக்குள் தரையை 8 மீட்டர் வரை அகட்டியது. ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் என்ற கணக்கு சராசரிதான் என்பதை இது காட்டுகிறது. பூமி அந்தக் கணக்கைத் தவணை முறையில் செலுத்துவதில்லை. நெடுங்காலம் நிலுவையில் வைத்துவிட்டு ஒரேயடியாகத் தீர்க்கிறது.

தண்ணீரின் வேலை

இனி எதிர்ப்பக்கம். கடல்தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழும் இடம். கடலின் மிக ஆழமான அகழிகள் எல்லாம் இத்தகைய எல்லைகளில்தான் இருக்கின்றன. பசிபிக் பெருங்கடலைச் சுற்றி நெருப்பு வளையம் என்று நாம் அழைக்கும் மாலையும் இதுவே.

இங்கே எரிமலை எப்படி உருவாகிறது என்று கேட்டால், தட்டு சூடான ஆழத்துக்குப் போகிறது, உருகுகிறது, மேலே வருகிறது என்பதே வழக்கமான பதில். பல பாடநூல்களும் அப்படியே எழுதியிருக்கின்றன. சற்று யோசித்தால் இதில் இடறல் தெரியும். அமிழும் தட்டு பல கோடி ஆண்டுகள் கடலடியில் குளிர்ந்து கிடந்த பாறை. அது கவசத்துக்குள் நுழையும்போது தன்னைச் சுற்றி உள்ளவற்றையும் குளிர்விக்கிறது. கவசத்தின் மேல்பகுதியிலேயே மிகவும் குளிர்ந்த இடத்துக்கு நேர் மேலே எரிமலை வரிசை நிற்கிறது! சூட்டை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

தட்டு தன்னோடு எடுத்துச் செல்லும் ஒரு பொருள்தான் விளக்கம். கடலடியில் கிடந்த காலத்தில் அதன் பாறைகள் நீரை உறிஞ்சியிருக்கின்றன. துளைகளில் தேங்கிய நீர் மட்டுமல்ல. கனிமங்களின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்த நீர். செர்ப்பன்டைன் போன்ற கனிமங்கள் அப்படி நீரைத் தம் உடலில் கட்டிவைத்திருப்பவை. ஆழம் கூடி, அழுத்தமும் வெப்பமும் ஏற, இந்தக் கனிமங்கள் சிதைந்து நீரை விட்டுவிடுகின்றன. தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது, வெளியேறிய நீர் மேலே இருக்கும் சூடான கவசத்துக்குள் ஏறுகிறது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் அதே குளிரிலும் அது உருகத் தொடங்குகிறது அல்லவா? கவசப்பாறைக்குத் தண்ணீர் அந்த உப்பைப் போல. அதன் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்குகிறது. சூடு ஏறாமலே பாறை உருகுகிறது. இளமையான, இன்னும் ஆறாத தட்டு அமிழும் சில இடங்களில் தட்டே உருகுவதும் உண்டு, அது விதிவிலக்கு.

எரிமலைகள் அகழியை ஒட்டி நிற்காமல், அதிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி, அகழிக்கு இணையாக வரிசை கட்டுவதும் இதனால்தான். தட்டு சரிந்து அந்த ஆழத்தை எட்ட அவ்வளவு தூரம் பிடிக்கிறது. ஜப்பான், இந்தோனேசியா, அலூஷியன் தீவுகள், ஆண்டிஸ் எங்கும் இதே அமைப்பு. வரைபடத்தில் அழகான வில்போல் தெரியும் இந்தத் தீவு வரிசைகள், அடியில் நீர் பிரியும் ஆழம் மேலே விட்ட தடம்.

அந்த நீர் குழம்போடு சேர்ந்து மேலே வருகிறது என்பதுதான் கொடுமை. ஆழத்தில் அழுத்தத்தால் கரைந்திருக்கும் நீர், மேலேற ஏற ஆவிக்குமிழாகப் பிரிகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குவதைப் போல. இந்தக் குழம்பு மேலோட்டின் வழியாக வரும்போது சிலிக்காவும் மிகுந்து பிசுபிசுப்பாகிவிடுகிறது; குமிழ்கள் எளிதில் தப்ப முடியாது. அடைபட்ட ஆவி பாறையையே தூளாக்கிக்கொண்டு வெடிக்கிறது. ஐஸ்லாந்தின் குழம்பு ஆறாக ஓடுவதற்கும், பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991 ஜூன் 15 அன்று சாம்பலை 35 கி.மீ. உயரத்துக்கு வீசியதற்கும் இடையே உள்ள வேறுபாட்டில் நீருக்குப் பெரும்பங்கு உண்டு. பினாட்டுபோ சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை. அடிவாரத்து மக்களில் பலருக்கு அது எரிமலை என்பதே தெரியாது. அது அடுக்குவளி மண்டலத்துக்குள் செலுத்திய கந்தக டைஆக்சைடால் உலகின் சராசரி வெப்பநிலை அடுத்த ஆண்டில் அரை டிகிரியளவு தாழ்ந்தது. என்றைக்கோ கடலடிப் பாறை குடித்த நீர், பல லட்சம் ஆண்டுகள் கழித்து வானிலையில் கைவைக்கிறது.

நகர மறுக்கும் எல்லை

நிலநடுக்கத்துக்கு வருவோம். தட்டுகள் நகர்வதால் நிலநடுக்கம் வருகிறது என்பது பாதி உண்மை. நகர்வு தடையில்லாமல் நடந்தால் நிலநடுக்கமே வராது. தட்டுகளின் உட்பகுதி நகர்ந்துகொண்டிருக்க, எல்லை மட்டும் உராய்வால் ஒட்டிக்கொண்டு நகர மறுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கனமான அலமாரியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தள்ளுகிறோம், அசைவில்லை, இன்னும் தள்ளுகிறோம், திடீரென்று ஒரு சாண் நகர்ந்து மறுபடி நின்றுவிடுகிறது. தட்டுகளும் அப்படித்தான். ஒட்டியிருக்கும் காலத்தில் இருபக்கப் பாறைகளும் வில்லைப் போல வளைந்து விசையைச் சேமிக்கின்றன. உராய்வு தோற்கும் கணத்தில் வில் நிமிர்கிறது.

இந்த விளக்கத்துக்கு அடித்தளமிட்டது 1906 ஏப்ரல் 18 அன்று சான்பிரான்சிஸ்கோவைச் சிதைத்த நிலநடுக்கம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் குறுக்கே போன வேலிகளும் சாலைகளும் அறுந்து, ஒரு பாதி மறு பாதியிலிருந்து பல மீட்டர் விலகி நின்றன. ஓரிடத்தில் விலகல் 6 மீட்டர். ஹாரி ஃபீல்டிங் ரீட் அதற்கு முந்தைய நில அளவைகளை எடுத்து ஒப்பிட்டார். பிளவிலிருந்து தொலைவில் இருந்த நிலம் நிலநடுக்கத்துக்கு முன்பே பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துவந்திருந்தது; பிளவோரம் மட்டும் பின்தங்கி நின்றிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது, பின்தங்கிய பகுதி ஓடிப்போய் மற்றதோடு சேர்ந்துகொண்டது, அவ்வளவே. இதை மீள்திறன் கோட்பாடாக ரீட் 1910-இல் எழுதினார். தட்டுகளைப் பற்றி எவருக்கும் தெரியாத காலத்தில் எழுதியது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது ஒட்டிய பரப்பின் அளவு. சான் ஆண்ட்ரியாஸ் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும் பிளவு. மேலிருந்து சுமார் 15 கி.மீ. வரைதான் பாறை விறைப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே சூட்டில் குழைந்து, உடையாமல் வழுக்குகிறது. 1906-இல் பிளந்த நீளம் ஏறத்தாழ 470 கி.மீ. பெருக்கினால் 7,000 சதுர கி.மீ. அமிழும் எல்லையோ சாய்வாகப் படுத்திருக்கிறது. குளிர்ந்த தட்டு என்பதால் விறைப்பும் அதிக ஆழம் வரை நீள்கிறது. ஒட்டிய பட்டையின் அகலமே 100, 200 கி.மீ. ஆகிவிடுகிறது. 1960 மே 22 அன்று சிலியில் இப்படி ஒரு பட்டை சுமார் 1,000 கி.மீ. நீளத்துக்கு அறுந்தது. அளவு 9.5, கருவிகள் பதிந்தவற்றில் இதைவிடப் பெரியது இல்லை. 1964 அலாஸ்கா, 2004 சுமத்ரா, 2011 ஜப்பான் என்று 9-ஐ எட்டியவை எல்லாமே அமிழும் எல்லையில் நிகழ்ந்தவை. இந்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 7-க்கும் 9-க்கும் இடையே ஆயிரம் மடங்கு. 8-ஐயும் 9-ஐயும் பக்கத்து வீட்டுக்காரர்கள்போலப் பேசும் செய்திகளைக் கேட்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

கடலுக்கடியில் இந்த நிமிர்வு நடந்தால் மேலே இருக்கும் தண்ணீர் முழுவதும் தூக்கப்படுகிறது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் அகழியருகே கடல்தரை ஏறத்தாழ 50 மீட்டர் சறுக்கியது; ஜப்பானின் கடற்கரையில் ஓரிடம் 5.3 மீட்டர் கிழக்கே போய், ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் விட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கி.மீ. அறுந்துகொண்டே போகச் சுமார் பத்து நிமிடம் பிடித்தது. அதைத் தொடர்ந்து எழுந்த சுனாமி 2,20,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

இத்தகைய எல்லை அமைதியாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வான்கூவர் தீவிலிருந்து வட கலிஃபோர்னியா வரை காஸ்கேடியா என்ற அமிழும் எல்லை இருக்கிறது. எழுதப்பட்ட வரலாற்றில் அங்கே பெரும் நிலநடுக்கமே இல்லை. ஆகவே அது ஒட்டாமல் சுமுகமாக வழுக்குகிறது என்று பலர் நம்பினர். பிறகு வாஷிங்டன் கரையோரச் சதுப்புகளில் நின்றபடியே பட்டுப்போன செடார் மரக் காடுகளைப் புவியியலாளர்கள் ஆராய்ந்தனர். நிலம் ஒரே வீச்சில் ஒன்றிரண்டு மீட்டர் தாழ்ந்து, உப்புநீர் புகுந்து அவற்றைக் கொன்றிருந்தது. கடைசி மரவளையம் 1699-இல் வளர்ந்தது. மறுகரையில் ஜப்பானின் பழைய ஊர்ப் பதிவேடுகளில் 1700 ஜனவரி இறுதியில் ஒரு சுனாமி குறிக்கப்பட்டிருந்தது. நிலம் அதிராமல் வந்த அலை. அனாதைச் சுனாமி என்றே பெயர். அலை பெருங்கடலைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிட்டுப் பின்னோக்கிப் போனால் 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி வாக்கில் காஸ்கேடியா அறுந்திருக்க வேண்டும். அளவு 9-ஐ ஒட்டியது. தாயைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு ஆனது.

எரிமலை இல்லாத எல்லைகள்

இதுவரை சொன்னது சரியென்றால், பாரமும் குறையாத, நீரும் சேராத எல்லையில் நிலநடுக்கம் இருக்க வேண்டும், எரிமலை இருக்கக் கூடாது. அப்படியே இருக்கிறது. தட்டுகள் பக்கவாட்டில் உரசிச் செல்லும் இடங்களில் எரிமலை பெரும்பாலும் கிடையாது. துருக்கியின் வட அனடோலியப் பிளவு அத்தகையது. 1939-இல் எர்சிஞ்சானில் தொடங்கி, அந்தப் பிளவு துண்டு துண்டாகப் பெரும்பாலும் மேற்கு நோக்கி அறுந்துகொண்டே வந்து 1999-இல் இஸ்மித்தை எட்டியது. ஒரு துண்டு அறும்போது அதன் விசையில் ஒரு பகுதி அடுத்த துண்டின் தலையில் ஏறுகிறது. இஸ்மித்துக்கு மேற்கே மர்மரா கடலுக்கடியில், இஸ்தான்புல்லுக்கு அருகே, இன்னும் அறாத ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது.

இமயமலை இதைவிடச் சுவையான சோதனை. இந்தியத் தட்டு யூரேசியத் தட்டோடு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கியது. இரண்டும் கண்டப்பாறை, கவசத்துக்குள் அமிழ முடியாத அளவுக்கு லேசானவை. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிந்து, மேலோடு 70 கி.மீ. வரை தடித்துவிட்டது. நீர் குடித்த கடல்தட்டு உள்ளே போகவில்லை, பாரம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கிறது. எரிமலைக்கு இடமேது? நிலநடுக்கத்துக்குக் குறைவில்லை, 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்டது ஒன்று. ஆனால் மோதலுக்கு முன் இரண்டு நிலப்பரப்புகளுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் தரை வடக்கே அமிழ்ந்துகொண்டிருந்தது. அப்போது அங்கே எரிமலைகள் இருந்தன. அவற்றின் அடியில் இறுகிய குழம்புதான் லடாக் மலைத்தொடரின் கிரானைட் பாறைகள். கடல் தீர்ந்தது, நீர் வரத்து நின்றது, எரிமலைகளும் அணைந்தன.

ஹவாய் எங்கே போயிற்று என்று கேட்கலாம். பசிபிக் தட்டின் நடுவில், எந்த எல்லைக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அது. ஆழத்திலிருந்து வழக்கத்தைவிடச் சூடான கவசப்பாறை அங்கே தூண்போல எழுகிறது. எழும்போது பாரம் குறைந்து உருகுகிறது. எல்லை இல்லை என்றாலும் விதி பழையதே. எல்லைக்கு வெளியே நிலநடுக்கங்களும் உண்டு; 2001-இல் குஜராத்தின் புஜ் பகுதி அதற்கு வலிமிகுந்த சான்று.

ஒன்று மற்றதைத் தூண்டுமா?

இரண்டும் ஒரே இடங்களில் வாழ்வதால், ஒன்று மற்றதைக் கிளப்பிவிடும் என்ற அச்சம் இயல்பு. சான்றும் இருக்கிறது. 1960 சிலி நிலநடுக்கம் நிகழ்ந்த 38 மணி நேரத்தில் கோர்டோன் கவ்ல்யே எரிமலை வெடித்தது. 1707-இல் ஜப்பானின் ஹோயெய் நிலநடுக்கத்துக்கு 49 நாட்கள் கழித்து ஃபூஜி வெடித்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அது வெடிக்கவில்லை. 2011-இன் மாபெரும் அதிர்வுக்குப் பிறகும் ஃபூஜி வெடிக்கவில்லை. வடக்கு ஜப்பானின் சில எரிமலைப் பகுதிகள் அப்போது 15 செ.மீ. வரை தாழ்ந்ததைச் செயற்கைக்கோள்கள் கண்டன, வெடிப்போ இல்லை. ஏற்கெனவே கனிந்து காத்திருக்கும் எரிமலையை உலுக்கல் முந்திக்கொள்ளச் செய்யலாம். கனியாததை அது வெடிக்க வைக்காது என்பதே இப்போதைக்கு நியாயமான வாசிப்பு.

எதிர்த்திசையில் உறவு நெருக்கமானது. குழம்பு மேலேறும்போது பாறையை விரிசலிட்டுக்கொண்டுதான் வர முடியும். ஒவ்வொரு விரிசலும் ஒரு சிறு அதிர்வு. வெடிப்புக்கு முன் வாரக்கணக்கில் இப்படிக் குட்டி நிலநடுக்கங்கள் கூட்டமாக வருகின்றன, மலை உப்புகிறது, வாயுக்களின் கலவை மாறுகிறது. பினாட்டுபோ வெடிப்பதற்கு முன் பல்லாயிரம் பேரை வெளியேற்ற முடிந்தது இந்தக் குறிகளைப் படித்துத்தான். எரிமலைக்கு வருகை அறிவிப்பு உண்டு. நிலநடுக்கத்துக்கு நம்பத்தக்க அறிவிப்பு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என ஏறக்குறைய ஒழுங்கான இடைவெளியில் 6 அளவிலான நிலநடுக்கங்கள் வந்திருந்தன. அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கணித்து, உலகிலேயே மிக அடர்த்தியாகக் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தனர். வந்தது 2004 செப்டம்பர் 28 அன்று. இத்தனை கருவிகள் சூழ்ந்திருந்தும் தெளிவான முன்குறி ஒன்றும் பதியவில்லை. அலமாரி எப்போது நகரும் என்பது தள்ளும் விசையை மட்டும் பொறுத்ததல்ல. தரையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் பொறுத்தது, அந்தச் சொரசொரப்போ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

ஒட்டுவது, அறுவது என்ற இரண்டைத் தவிர எல்லைகளுக்கு மூன்றாவது குணமும் உண்டு என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. அதுவும் காஸ்கேடியாவில். வான்கூவர் தீவில் வைத்த ஜிபிஎஸ் கருவிகள், ஒட்டிய எல்லை தள்ளுவதால், ஆண்டு முழுவதும் மெல்ல நிலத்தை நோக்கி நகர்கின்றன. ஆனால் சுமார் 14 மாதங்களுக்கு ஒருமுறை, ஓரிரு வாரங்களுக்கு, அவை திரும்பிக் கடலை நோக்கிச் சில மில்லிமீட்டர் போகின்றன. முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் எல்லையின் ஒரு பகுதி மெதுவாகச் சறுக்குகிறது. மேலே ஒருவரும் உணர்வதில்லை, நுண்ணிய முணுமுணுப்பு மட்டும் கருவிகளில் பதிகிறது. இப்படிச் சறுக்கும்போது அந்த விசையில் ஒரு பங்கு, மேலே 1700 முதல் ஒட்டிக் கிடக்கும் பகுதியின் மீது ஏறுகிறது. இரண்டு வாரம் முடிந்ததும் கருவிகள் மறுபடி நிலத்தை நோக்கித் திரும்பிவிடுகின்றன.